கத்தி படாமல், கட்டுப் போடாமல்

தை 12, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடை ஆபீசில். ஆபீசுக்குப் போகக் குடை வேண்டும். நனைந்துகொண்டே போனேன்.

சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகைகளில் பால் சோதனை. முனிசிபல் துரை முன்னால், துபாஷி நான் பின்னால், சீசாப் பெட்டிக்காரன் அதற்கும் பின்னால். சாணிச் சேற்றில் செருப்பு அறுந்தது. பால்காரர்கள் பத்து வார்த்தை சொல்வார்கள், நான் அதை ஒரு வார்த்தையாக்கித் துரையிடம் சொல்வேன். துரைக்கும் அதுதான் வசதி, எனக்கும்தான்.

காத்தமுத்து கொட்டகையில் ஒரு விபரீதம். பால் வாளியை எடுக்க வந்தவர் அதன் மேலேயே இடித்துக்கொண்டார். பாதிப் பால் தரையில். வலக்கண் கலங்கி, சிவந்து, பூனைக்கண் மாதிரி ஒரு பச்சை. போன வருடம் பாலில் தண்ணீர் கலந்ததற்காக இதே மனிதருக்கு அபராதம் விழுந்தது, அன்று மொழிபெயர்த்தவனும் நான்தான். அதற்காக மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். வாரம் தவறாமல் என் வாசிப்புக்கு வந்து முதல் ஆளாக உட்காருவார்.

"கண்ணு என்னய்யா ஆச்சு?"

"வலப்பக்கம் மசமசன்னு இருக்குங்க ஐயா. விளக்கைப் பாத்தா சுத்தி வளையம் வளையமாத் தெரியுது. நெத்திப்பொட்டு தெறிச்சுப் போவுது."

"ஆஸ்பத்திரிக்குப் போனீரா?"

"போனேனே. உள்ள தண்ணி கட்டியிருக்கு, உடனே அறுக்கணுங்கிறாங்க. இல்லாட்டி இந்தக் கண்ணு போயி மத்ததும் போயிருமாம். நான் வந்துட்டேன். அதான் நயன ஜோதித் தைலம் இருக்கே. கத்தி படாம, கட்டுப் போடாம, ஒரு மண்டலத்துல குணம்."

"யார் சொன்னது?"

"நீங்கதானுங்களே வாசிச்சீங்க."

துரை என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். கண்வலி என்றேன். ஒரு வார்த்தை.

எந்த வாரம் வாசித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. எப்படி வரும்? சனிக்கிழமை பத்திரிகை வந்ததும் தையற்கடை சோமு அஞ்சடி நடைபாதையில் பாயை விரிப்பார். பால்காரர், வண்ணார், மாட்டு வண்டிக்காரர், எழுத்துத் தெரியாத சனம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குகிற பத்திரிகை அது. முதல் வரி முதல் கடைசி வரி வரை நான் வாசிக்க வேண்டும். கப்பல் வருகை, அரிசி விலை, கவர்மெண்ட் அறிவிப்பு, அப்புறம் பின்பக்க மருந்துகள். எல்லாம் ஒரே மூச்சு, ஒரே குரல். அதுவே பெருமை எனக்கு. துபாஷி வாசித்தால் கோர்ட்டில் வாசித்த மாதிரி என்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாடத்தில் புது சீசா. கூந்தல் வளரும் தைலம். மீனாட்சியிடம் ஏது என்றேன். "பக்கத்து வீட்டு அக்கா வாங்குனாங்க, நானும் வாங்கினேன். அவங்க வீட்டுக்காரர் உங்க வாசிப்புல கேட்டாராம்" என்றாள்.

பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு படுத்தேன்.

தை 17, சனி

வெயில். செருப்புத் தைத்தாயிற்று.

இன்று விளம்பரங்களை விட்டுவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். அரிசி விலையோடு பத்திரிகையை மடித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

சோமு: "பின்பக்கம் இருக்கு போல."

"அதெல்லாம் வியாபாரம். நேரமாகிறது."

"முழுப் பத்திரிகைக்குத்தானே காசு குடுத்திருக்கோம். நீங்க பாதிய முழுங்குனா எப்படி லா?" சோமு இங்கேயே பிறந்தவர், இந்த 'லா' அவரோடு வளர்ந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். காத்தமுத்து சிரிக்கவில்லை. வலக்கண்ணில் ஒரு துணியை அழுத்திப் பிடித்தபடி, "கண் தைலத்த மட்டுமாவது வாசிங்க ஐயா. எத்தனை வேளை போடணும்னு மறந்துபோச்சு" என்றார்.

வாசித்தேன். வேறு என்ன செய்வது? காலை, மாலை இரு வேளை. புளி, கத்தரிக்காய் நீக்க வேண்டும். வாசிக்கும்போது என் குரலை நானே கேட்டேன். நம்பும்படியான குரல்தான்.

திரும்பும் வழியில் அவரைத் தனியாக இழுத்து, தைலத்தை விடும், ஆஸ்பத்திரிக்குப் போம் என்றேன். "பத்திரிகை ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்.

தை 19, திங்கள்

தைப்பூசம். ஆபீஸ் அரை நாள். டேங்க் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. காவடி, மோர்ப்பந்தல், டோபி காட் வரைக்கும் கூட்டம். மீனாட்சிக்குச் சாமி கும்பிட வழி பண்ணிவிட்டு வெளியே நின்றேன்.

கோயிலுக்கு எதிரே ஒரு வண்டி. மேலே கிராமபோன் பெட்டி பாடுகிறது, கீழே நோட்டீசு கொடுக்கிறார்கள். நயன ஜோதி. விளம்பரத்தில் பேர் மட்டும் வாசித்திருந்த ஏஜெண்டு குழந்தைவேலுவை இன்றுதான் பார்த்தேன். கொம்பு முளைத்த ஆள் என்று நினைத்திருந்தேன். மெலிந்த மனிதர், கழுத்தில் மப்ளர், இருமல். தன் இருமலுக்கு அவரிடம் மருந்து இல்லை போலிருக்கிறது.

சோதனைக்கென்று ஒரு சீசா வாங்கினேன். இதில் என்ன சேர்கிறது என்று கேட்டேன்.

"மதராஸ் கம்பெனி சரக்குங்க. விளம்பரமும் அவங்களே எழுதி அனுப்புறாங்க. நான் விக்கிறவன்."

"கத்தி வைக்க வேண்டிய கண்ணுக்கு இது எப்படி...?"

"குணமானவங்க கடுதாசி எத்தனை இருக்கு தெரியுமா? எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்க, அதான் குறை. இங்க நம்மூர் ஆளு ஒருத்தர் பேரு இருந்தா நீங்களும் இப்படிக் கேக்க மாட்டீங்க" என்றார். பொய் சொல்கிறவர் முகமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குச் சலிப்பாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

மீனாட்சி அர்ச்சனைத் தட்டோடு வந்தாள். கையில் ஒரு நோட்டீசு. விசிறிக்கொள்ள வாங்கினாளாம்.

தை 24, சனி

புது யோசனை. விளம்பரம் தொடங்குவதற்கு முன் நிறுத்தி, தொண்டையைச் செருமி, சொன்னேன்: இனிமேல் வருவது செய்தி அல்ல. மருந்து விற்கிறவர்கள் காசு கொடுத்துப் போட்டது. கவர்மெண்ட் சொன்னதுமல்ல, பத்திரிகைக்காரர் சொன்னதுமல்ல. யோசித்துக் கேட்டுக்கொள்ளவும்.

நல்ல அமைதி. விஷயம் உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன்.

சோமு தலையாட்டினார். "அப்படியா சங்கதி. காசு குடுத்துப் போடுறான்னா சரக்குல விசயம் இருக்கு. மட்டச் சரக்குக்கு எவன் கைக்காசு செலவழிப்பான்?"

ஆமாம், ஆமாம் என்று பாய் முழுக்க முணுமுணுப்பு. ஒரு வண்டிக்காரர், "செய்தி சும்மாப் போடுறது, இது காசு குடுத்துப் போடுறது" என்று பக்கத்து ஆளுக்கு விளக்கினார். நயன ஜோதியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

வாய்க்கொழுப்பு எனக்கு. பேசாமல் வாசித்துவிட்டு வந்திருக்கலாம்.

பல் வலி இல்லை. காது வலி.

தை 27, செவ்வாய்

சீசாவின் சோதனை முடிவு வந்தது. துரையே கூப்பிட்டுச் சொன்னார். விளக்கெண்ணெய், சூடம், பன்னீர், கொஞ்சம் தேன். விஷம் ஏதும் கிடையாது. கெட்டுப்போன சரக்கும் இல்லை. சீசா மேல் போட்டிருக்கிற அளவுகூடச் சரி. வழக்குப் போட வழியில்லை.

அதை நம்பி ஒருவர் கண் போகிறதே என்றேன். எண்ணெயால் போகிறதா என்று கேட்டார். இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதால் போகிறது என்றேன். ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். கிண்டல் இல்லை, உள்ளதைச் சொன்னார். பாலில் தண்ணீர் என்றால் அளக்கக் கருவி இருக்கிறது. வார்த்தையில் கலந்ததை எதை வைத்து அளப்பது?

சாயந்திரம் அச்சுக்கூடத்துக்கு நடந்தேன். பத்திரிகை ஆசிரியர் மரைக்காயர், நாகூர்க்காரர். தானே எழுதி, தானே பிழை திருத்தி, மெஷின் நின்றுவிட்டால் தானே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைகிறவர். மை படாத இடம் தாடி மட்டும்தான்.

"துபாஷியார், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? பின்பக்கம்தான் முன்பக்கத்துக்குச் சோறு போடுது. நயன ஜோதியை எடுத்துட்டா அடுத்த மாசம் கப்பல் செய்தியும் இருக்காது, ஊர்ச் செய்தியும் இருக்காது."

"பொய் என்று தெரிந்துமா?"

"பொய்யின்னு எனக்குத் தெரியாதே. எனக்கென்ன வைத்தியமா தெரியும்? கொண்டாந்து குடுக்குறாங்க, அச்சுக் கோக்குறேன்." அப்புறம் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "ஒண்ணு செய்யலாம். விளம்பரத்துக்கு மேல ஒரு வரி போடுறேன். இதில் கண்டவற்றைத் தீர விசாரித்துக்கொள்வது வாசகர் பொறுப்புன்னு. சின்ன எழுத்துல போட்டா இடம் பிடிக்காது."

எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு சின்ன எழுத்து வரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஜெயித்தேனா, தோற்றேனா, தெரியவில்லை. கால் வலி.

மாசி 1, வெள்ளி

கொட்டகைச் சோதனை மறுபடி.

காத்தமுத்து வாளியைத் தடவி எடுக்கிறார். கறவை மட்டும் பழைய வேகம், அதற்குக் கண் வேண்டாம். பால் சுத்தம். துரைக்கு ஆச்சரியம்.

"இடக்கண்ணு எப்படி?"

"அதுலயும் லேசா வளையம் வருது. தைலம் வேலை செய்யுதுங்க ஐயா. போட்டா உள்ள குளுகுளுன்னு இருக்கு."

சூடம். குளுகுளுவென்று இல்லாமல் எப்படி இருக்கும்?

அவர் மனைவி அங்கம்மாள் வறட்டி தட்டிக்கொண்டே சொன்னார்: "ஏஜெண்டையா தங்கமான மனுசங்க. இந்தத் தடவை சீசாவுக்குக் காசே வாங்கல. இனாம்னாரு. கைநாட்டு மட்டும் வாங்கிக்கிட்டாரு."

"எதில் கைநாட்டு?"

கா.மு. சிரித்தார். "சரக்கு வாங்கிக்கிட்டதுக்கு. உங்க துரை பால் சீசா எடுக்கும்போது வாங்குறாருல்ல, அது மாதிரி. பேரு, அப்பன் பேரு, எந்தக் கொட்டகைன்னு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு."

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. துரை அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டார், நானும் ஓடினேன்.

ஓடுவதற்கு முன் அங்கம்மாளிடம் சொன்னேன். இவரை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நானும் வருகிறேன், பக்கத்தில் நின்று பேசுகிறேன். "மண்டலம் முடியட்டுங்க" என்றார். மண்டலம் என்று எவன் எழுதினானோ, அவனுக்குச் சனத்தின் நாடி தெரிந்திருக்கிறது. விரதம் மாதிரி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மாசி 9, சனி

மரைக்காயர் சொன்னபடி அந்த வரி வந்திருக்கிறது. எறும்பு மாதிரி எழுத்து. சத்தமாக இரண்டு முறை வாசித்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. சோமு பாயின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

கா.மு. வரவில்லை. தலைவலியாம்.

மீனாட்சியின் கூந்தல் வளரவில்லை. சொன்னேன். "வளர்ற மாதிரி இருக்கு" என்றாள். விட்டுவிட்டேன்.

மாசி 12, செவ்வாய்

காலையில் அங்கம்மாள் வாசலில். ராத்திரி முழுக்க வாந்தி, தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறார், இடக்கண்ணிலும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.

ரிக்‌ஷாவில் இருவரையும் ஏற்றி, நான் இன்னொன்றில். பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் மேல் எரிந்து விழுந்தார். முன்பே வரச் சொன்ன ஆள் ஏன் வரவில்லை? இத்தனை நாள் என்ன செய்தார்? இதைக் கேள் அவனிடம் என்றார்.

கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு கேள்வியையும் நான் இப்படி முழுங்கியதில்லை. பயந்துவிட்டார் என்று நானே பதில் சொன்னேன்.

வலக்கண் போய்விட்டது. இடது, அறுத்துப் பார்க்கலாம். வந்திருக்க வேண்டிய நேரத்தில் வந்திருந்தால் இரண்டுமே நின்றிருக்கும் என்றார். இதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

கா.மு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தியா ஐயா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"சரி. நீங்க சொன்னாச் சரி."

ஆபீசுக்குத் தாமதம். துரை ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்க அந்த "நீங்க சொன்னாச் சரி" காதிலேயே இருந்தது. போன மாதம் சொன்னதும் நான்தானே. எந்த நானை அவர் நம்பினார்? எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

மாசி 14, வியாழன்

அறுவை முடிந்தது. இரண்டு கண்ணுக்கும் கட்டு. அசையாமல் படுத்திருக்க வேண்டும். அங்கம்மாளை உள்ளே கொஞ்ச நேரம்தான் விடுகிறார்கள். மாடுகளைத் தானே கறந்து, தானே ஊற்றிவிட்டு ஓடுகிறார்.

மழை. குடை இந்த முறை வீட்டில்.

மாசி 16, சனி

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

பத்திரிகை தாமதமாக வந்தது, மை காயவில்லை. கூட்டம் நிறைய. அங்கம்மாளும் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூண் ஓரமாக நின்றார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த களைப்பு. கப்பல், அரிசி, அறிவிப்பு. பின்பக்கம். எறும்பு வரி. அதற்குக் கீழே கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் நற்சாட்சிப் பத்திரம். என் நாக்கு பழகிய நாக்கு, கண்ணுக்கு முன்னால் ஓடிவிடும். வாசித்தேன்:

"சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பால் வியாபாரம் காத்தமுத்து, தகப்பனார் பெயர் வீரப்பன் ஆகிய நான், இரு கண்களும் மங்கி வருந்திய காலத்தில், தங்கள் நயன ஜோதித் தைலத்தை உபயோகித்து, கத்தி படாமல், கட்டுப் போடாமல், பூரண பார்வை பெற்றேன்."

பேரைச் சொல்லி முடித்த பிறகுதான் அது யார் என்று எனக்கே எட்டியது. அப்போதும் குரல் நிற்கவில்லை. 'பூரண பார்வை' வரைக்கும் போய்த்தான் நின்றது.

பாய் முழுக்க ஒரே சந்தோஷம். "நம்ம காத்தமுத்துவா?" "பேரு போட்டுட்டாங்கப்பா." "அப்பன் பேரும் சரியா இருக்கே." ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். சோமு நேற்றுத்தான் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தனுப்பியவர். ஆனாலும் அச்சில் வந்துவிட்டது. அப்படியானால் சரியாகிவிட்டது, இனிக் கட்டைப் பிரிப்பதுதான் பாக்கி.

பொய், இது பொய், ஏமாற்றிக் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று கத்தினேன். சோமு என் தோளைத் தட்டி, "அசதியா இருக்கீங்க. டீ சொல்லட்டுமா?" என்றார்.

திரும்பிப் பார்த்தால் தூண் ஓரத்தில் பாத்திரம் மட்டும். அங்கம்மாள் கோயிலுக்குத் தேங்காய் உடைக்க ஓடிவிட்டாராம்.

மரைக்காயரிடம் போனேன். ஏஜெண்டு கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். கைநாட்டோடு வந்த காகிதம், ஆளும் இருக்கிற ஆள், எப்படிச் சந்தேகப்படுவது என்றார். அடுத்த வாரம் மறுப்புப் போடுகிறேன் என்றார். எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தில் என்று கேட்டேன். மை படிந்த கையைத் துடைத்தார். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

குழந்தைவேலு கடை பூட்டு. தைலம் விற்கப் புது ஊர் பார்க்க மலாக்கா போயிருக்கிறாராம்.

மாசி 17, ஞாயிறு

வெயில். ஆஸ்பத்திரி. பத்திரிகையைச் சட்டைக்குள் மடித்து வைத்திருந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

வார்டு வாசலில் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர், நம்ம ஆள்தான், நிறுத்திச் சொன்னார்: "புதன்கிழமை கட்டுப் பிரிப்பாங்க. டாக்டர் முகத்தைப் பாத்தா எனக்கு நம்பிக்கை இல்ல. அந்த அம்மாகிட்ட இப்பச் சொல்லிடாதீங்க."

கா.மு. சத்தத்திலேயே கண்டுகொண்டார். "ஐயா. வாங்க. என் பேரு வந்திருக்காமே. அங்கம்மா சொல்லிச்சு. கையில வச்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காகிதம் சட்டைக்குள் சரசரத்தது.

"வாசிங்க."

வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும். குரல் எப்படி இருந்ததோ, எனக்கே தெரியாது. முடித்ததும் அவர் தன் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக:

"அந்தக் கைநாட்டா?"

"ஆமாம்."

"கத்தி படாமன்னு போட்டிருக்கா?"

"ஆமாம்."

கையைத் தூக்கிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். டிரெஸ்ஸர் தொடக்கூடாது என்றார். கையை இறக்கிக்கொண்டார்.

"பால்ல தண்ணி ஊத்துனதுக்கு என்னைக் கோர்ட்டுல நிக்க வச்சீங்க" என்றார்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். "ஐயா" என்றார். "எங்கப்பா பேரும் இருக்குல்ல?"

"இருக்கிறது."

"எங்க வம்சத்துல யாரு பேரும் அச்சுல வந்ததில்ல. பொய்யோ கிய்யோ, பேரு எங்களுதுதானே. அந்த இடத்த மட்டும் வெட்டிக் குடுங்க. புதங்கிழமை கட்டுப் பிரிச்சதும் பாக்கணும்."

டிரெஸ்ஸர் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் கத்தரி கேட்டேன். கட்டுத்துணி வெட்டுகிற கத்தரி, கொடுத்தார். கட்டத்தின் ஓரமாக வெட்டினேன். மேலே இருந்த எறும்பு வரி பாதியில் அறுந்து தரையில் விழுந்தது. காகிதத்தைக் கா.மு. கையில் வைத்தேன். அவர் விரலால் தடவி, "எது எம் பேரு?" என்றார். விரலைப் பிடித்துக் காட்டினேன்.